ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது

தீர்மானம் போடுவது எல்லா ஊர் மன்றங்களிலும் நடப்பதுதான். வாசிப்பார்கள், கை தூக்குவார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போவார்கள். இந்த ஊர் மாநகராட்சி மன்றம் அத்தோடு விடாது. ஊரின் பெருமை என்று எதையாவது அறிவித்தால், முன்மொழிந்த உறுப்பினர் அந்த இடத்துக்கே நேரில் போய், நிமிர்ந்து நின்று, தெரு கேட்க ஒரு தடவை உரக்க வாசிக்க வேண்டும். அப்போதுதான் அது செல்லும். பிறகு மாற்ற நினைத்தாலும் அதே கதைதான்: அதே ஆள், அதே இடம், அதே சத்தம். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நல்ல தொண்டைக்காரராக இருந்திருக்க வேண்டும்.

இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய தண்ணீர்த் தொட்டிக்குத் தீர்மானம் கொண்டு வந்தவர் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வாசித்தார். ரயில் பாலத்தைப் பற்றி வாசித்தவரின் குரல், சரியாக அந்த நேரம் மேலே சரக்கு ரயில் போனதால், பக்கத்தில் நின்ற மேயருக்கே கேட்கவில்லை. ஆனாலும் உதடு அசைந்ததைப் பார்த்தோம், செல்லும் என்று முடிவு செய்தார்கள். வாசித்ததை மாற்ற வந்து நின்றவர் மட்டும் இதுவரை ஒருவரும் இல்லை. சொன்னதைத் தெருவில் நின்று திருப்பிச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

டெய்லரம்மாவின் முறை வந்தபோது மழையும் இல்லை, ரயிலும் இல்லை. இதமான வெயில், கூடவே நல்ல கூட்டம்.

டெய்லரம்மா அந்த வார்டின் புதுக் கவுன்சிலர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மன்றத்துக்கே இரண்டு தடவை அதோடு போயிருக்கிறாள். அவளுடைய தையல் கடை படிக்கட்டுத் தெருவின் அடியில் இருந்தது. பெயருக்குத்தான் அது தெரு. மேட்டின் மேலிருந்து கீழே கடைவீதி வரைக்கும் வெறும் கல்படிகள், இரண்டு பக்கமும் வீடுகள், வீட்டுச் சுவருக்கும் படிக்கும் நடுவே ஒரு முழம் மண். வண்டி ஏறாது, சைக்கிள் ஏறாது. அந்தப் படிகளின் அழகே நடுவில் விழுந்திருந்த குழிகள்தான். எத்தனையோ தலைமுறைக் கால்கள் ஏறி இறங்கி, ஒவ்வொரு கல்லும் நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்திருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். தெருக்காரர்கள் அதில் தேங்குகிற தண்ணீரைத் திட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தத் தெருவின் உச்சி வீட்டில் இருந்தாள் டெய்லரம்மாவின் அக்கா. அக்கா இல்லையென்றால் கவுன்சிலரும் இல்லை. தேர்தல் நேரத்தில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கி, ஒரு கதவு விடாமல் தட்டி, "எங்க சின்னவளுக்குப் போடுங்க, போடலைன்னா உங்க துணியை எல்லாம் ஒரு சுற்று சின்னதா தைச்சிடுவா" என்று ஓட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். தினமும் காலையில் கீழே இறங்கி வந்து, கடை வாசலில் தனக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். பித்தான் துளையைச் சுற்றி நூல் கட்டும் அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கை காஜா எடுக்கும், கண் கடைவீதியை எடுக்கும். யார் வீட்டில் என்ன என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்கு டெய்லரம்மா படியின் நடுவில் நின்று வாசித்தாள். "இந்தப் படிக்கட்டு நம் நகரின் பெருமை. நம் முன்னோரின் பாதம் பட்டுத் தேய்ந்த ஒவ்வொரு குழியும் நம் சொத்து. இனி இதில் ஒரு கல்லை அசைக்கவோ, ஒரு பூச்சுப் பூசவோ, ஓர் ஆணிகூட அடிக்கவோ கூடாது." குரல் கணீரென்று மேலே போய் அக்கா வீட்டுச் சுவரில் முட்டித் திரும்பியது. முதலில் கைதட்டியது அக்கா. கடைசியில் நிறுத்தியதும் அக்காதான்.

அந்த ஆணி வரி வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது முதல் வரைவில் இல்லை. மாநகராட்சி இன்ஜினியர் அதற்கு முன்பே அந்தப் படிகளின் ஓரமாக ஒரு கைப்பிடி போட வரைபடம் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது.

"நல்ல கோட்டுக்கு மேல கயிறு கட்டின மாதிரி இருக்கும் சார். வேண்டவே வேண்டாம்" என்றாள்.

"வயசானவங்க ஏறி இறங்கணுமேம்மா."

"எங்க அக்காவே ஓடியாடி இறங்குறா. அவளைவிட வயசானவங்க இந்தத் தெருவுல யாரு இருக்கா?"

அதோடு விடாமல், நாளைக்கு வேறு யாரும் கைப்பிடி என்று கிளம்பக் கூடாது என்று, தன் கையாலேயே அந்த ஆணி வரியைச் சேர்த்தாள். தைத்த பிறகும் ஒரு தையல் கூடப் போட்டுப் பார்க்கிற கை அது. சும்மா இருக்காது.

மன்றத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. ஆட்சேபணை என்று ஊரே அழைக்கும் ஒரு மூத்த கவுன்சிலர் உண்டு. இரும்புக் கடை வைத்திருந்தார். எந்தத் தீர்மானம் வந்தாலும் "ஆட்சேபணை" என்று எழுந்து நிற்பார். ஒரு தடவை இரங்கல் தீர்மானத்துக்கே எழுந்து நின்று, செத்துப்போனவர் அவ்வளவு நல்லவர் இல்லை என்று சொன்னவர். அவர் இந்தத் தீர்மானத்துக்கு மட்டும் "ஆதரிக்கிறேன்" என்றார். மேயருக்குக் கையிலிருந்த பேனா நழுவிவிட்டது. சின்ன வயதில் அந்தப் படிகளில்தான் வண்டி டயர் உருட்டி விளையாடினாராம்.

தீர்மானம் வந்தால் கூடவே பெயர்ப்பலகை வரும். தகதகவென்று பித்தளையில் வந்து இறங்கியது. அப்போதுதான் இன்ஜினியர் மெதுவாகக் கேட்டார், "இதை எதுல மாட்டுறதும்மா? ஆணி அடிக்கக் கூடாதே."

பலகை டெய்லரம்மா கடையிலேயே, துணி மாற்றிப் பார்க்கும் மறைவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. நன்றாகப் பளபளத்ததால் வாடிக்கையாளர்கள் அதைக் கண்ணாடியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பவரின் வயிற்றுக்கு நேராக "நம் நகரின் பெருமை" என்ற எழுத்து வந்து விழும். சிலருக்குப் பொருத்தமாகக்கூட இருந்தது.

டெய்லரம்மாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அந்தச் சந்தடியில், அக்காவின் நாற்காலி காலியாக இருந்ததை அவள் பார்த்தாள், ஆனால் கவனிக்கவில்லை. அக்கா போனில் ஒவ்வொரு காரணமாகச் சொன்னாள். வெயில் என்றாள். அலமாரியை ஒழிக்கிறேன் என்றாள். "சட்டையை எல்லாம் மாமாகிட்ட குடுத்தனுப்பு, வீட்லயே எடுத்து வைக்கிறேன்" என்றாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பையைத் தூக்கிக்கொண்டு வருவார், போவார். காஜாக்கள் முன்னைவிட நேர்த்தியாக, முன்னைவிடச் சீக்கிரமாக வந்தன. கடைக்கு நல்லதுதானே என்று டெய்லரம்மாவும் இருந்துவிட்டாள்.

ஒரு நாள் அக்கா போனில் சாதாரணமாகச் சொன்னாள், "மாமா வந்தா பேக்கரியில ரஸ்க் வாங்கிட்டு வரச் சொல்லுடி. அந்த மீசைக்காரர்கிட்ட எனக்குன்னு சொன்னா புதுசா எடுத்துக் குடுப்பார்."

டெய்லரம்மா மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

மீசைக்காரர் பேக்கரியை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய் நாளாகிவிட்டது. பெரிய ரகளை அது. அண்ணனுக்கும் தம்பிக்கும் கடைவீதியிலேயே கைகலப்பு, மாவு மூட்டை கிழிந்து தெருவெல்லாம் வெள்ளை, கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆள் கடையை வாங்கிக்கொண்டது. ஊரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த சமாசாரம். அது அக்காவுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். அக்காவுக்கு ஊர்ச் செய்தி தெரியவில்லையென்றால் அதுதான் காய்ச்சல்.

மாமா பையோடு வந்ததும் நேராகக் கேட்டாள். "அக்கா கடைசியா எப்போ கீழ இறங்கினா?"

மாமா பையைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தவர் முழுவதும் சொல்லாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. தீர்மானம் வாசித்து முடித்த அடுத்த வாரமே, கீழே வரும்போது, அக்காவின் கால் படிக் குழியில் வழுக்கி முட்டி மடங்கிவிட்டது. வீங்கிப் போனது. டாக்டர், நடக்கத்தான் வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் நான் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் பிடிமானம் இல்லாமல் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தால் அது குழிக்குள் போய்ச் சறுக்குகிறது. மாமாவைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்றால், "ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டா பார்க்கிறவனுக்குத்தான் சந்தோஷம்" என்கிறாள்.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். கையைப் புடிச்சுக்கிட்டா. சின்னவளுக்குத் தெரிஞ்சா கைப்பிடி வைக்கணும்பா. வைக்கணும்னா ஊருக்கு முன்னாடி நின்னு தான் போட்ட தீர்மானத்தைத் தானே முழுங்கணும். நம்ம வீட்டுக்குன்னு கிடைச்ச ஒரே பெருமை அது, என் முட்டிக்காக அது போக வேணாங்கறா."

டெய்லரம்மா அன்றைக்கே பித்தான் கொடுக்கிற சாக்கில் மேலே ஏறிப் போனாள். ஏறும்போது முதல் தடவையாக ஒவ்வொரு குழியையும் பார்த்து ஏறினாள். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றாள், உட்காரு என்றாள், பேட்டி பத்திரிகையில் வந்ததா என்று கேட்டாள். எழுந்திருக்கவே இல்லை. வந்தவர் உட்காரும் முன்னால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நாலு நடை நடக்கிற அக்கா, மடியில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். முட்டியை மறைக்கத்தான் அந்தச் சட்டை. டெய்லரம்மா பித்தான்களைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். கண்ணில் நீர் முட்டியதால் ஒரு படியில் அவளுக்கே கால் தடுமாறியது.

மன்றம் கூடிய மதியம் டெய்லரம்மா எழுந்தாள். நாடா கழுத்தில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"படிக்கட்டுத் தெரு தீர்மானத்துல அந்த ஆணி வரியை எடுத்துடணும். கைப்பிடி போடணும்."

மேயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த வரி நீங்களே சேர்த்ததுன்னு ஞாபகம்."

"நான் சேர்த்ததுதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை, ஆனால் தன் பழைய வரைபடம் எந்த மேஜையில் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"எதுக்காகன்னு சொல்லலாமா?" என்றார் மேயர்.

சொல்லிடாதே என்று மாமா கேட்டுக்கொண்டது நாக்கைப் பிடித்து இழுத்தது. "இறங்க முடியாம சில பேர் வீட்டுக்குள்ளேயே இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சரி. ஆனா வழக்கம் தெரியுமில்ல? அங்கேயே போய் நின்னு, அதே மாதிரி வாசிக்கணும்."

தெரியும் என்று தலையாட்டினாள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வருவார்கள்.

"ஆட்சேபணை" என்றது ஒரு குரல்.

மன்றம் முழுவதும் பெருமூச்சு விட்டது. இரும்புக் கடைக்காரர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக ஆரம்பித்தார்.

"நான் வாழ்க்கையில ஒரு தடவைதான் ஒண்ணை ஆதரிச்சேன். அதையும் ரத்து பண்றதுன்னா எப்படி? அது கிடக்கட்டும். வாசிச்சா செல்லும், சரி. ஆனா நம்ம விதிப்படி, பலகை நட்டாத்தான் தீர்மானம் நிறைவேறினதா அர்த்தம். பலகை இன்னும் இந்தம்மா கடையில கால்சட்டை பார்த்துக்கிட்டு நிக்குது. நிறைவேறாத தீர்மானத்தை எப்படித் திருத்துவீங்க? முதல்ல நிறைவேத்துங்க."

டெய்லரம்மாவுக்கு வந்த கோபத்தில் நாடாவை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினால் என்ன என்றுகூடத் தோன்றியது. "ஆணி இல்லாம எப்படிங்க மாட்டுறது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"படியில ஏன் மாட்டணும்? பக்கத்துல மண்ணு இருக்கே. அதுல ஒரு தாங்கி நடுங்க. மண்ணைப் பத்தித் தீர்மானத்துல ஒரு வார்த்தை இல்ல. நான் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

"சரி, ஒரு தாங்கி" என்று எழுதப் போனார் மேயர்.

"ஆட்சேபணை. எவ்வளவு நீளத்துக்கு?"

"பலகை நீளத்துக்குத்தான்."

"பெருமை பலகைக்கா, படிக்கட்டுக்கா? படிக்கட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் இருக்கு. தாங்கியும் அப்படித்தானே இருக்கணும்?" அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "உயரம், ஒரு ஆள் இடுப்புக்குக் கொஞ்சம் மேல இருந்தா படிக்க வசதியா இருக்கும். உருண்டைக் குழாயா இருந்தா மழைத்தண்ணி நிக்காது."

மன்றம் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. முதலில் இன்ஜினியருக்குப் புரிந்தது. குனிந்து சிரிப்பை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மேயர் பேனாவை மூடினார், திறந்தார். "குழாய் எல்லாம் உங்க கடையிலதான் வாங்கணும்னு சொல்வீங்களோ?"

"ஆட்சேபணை" என்றார் அவர். "என் கடையில வாங்கவே கூடாது. அதையும் எழுதிக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. வரி அப்படியே இருந்தது, தீர்மானம் அப்படியே இருந்தது, தெருவில் நின்று எதையும் திருப்பி வாசிக்க வேண்டியதும் இல்லை. டெய்லரம்மாவுக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அக்கா மானமும் காப்பாற்றப்பட்டது, தன் மானமும் காப்பாற்றப்பட்டது என்று வீடு வரைக்கும் முனகிப் பாடிக்கொண்டே போனாள்.

தாங்கி வந்தது. மண்ணில் கம்பங்கள் ஊன்றி, உச்சியிலிருந்து அடி வரைக்கும் வழவழவென்று ஒரே குழாய், பச்சை வண்ணம். உச்சியில், அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேராகப் பித்தளைப் பலகை. கடையில் கண்ணாடி போய்விட்டதே என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கோட்டுக்கு மேல் கயிறு கட்டின மாதிரியெல்லாம் இல்லை. அளவெடுத்துத் தைத்த ஓரப்பட்டி மாதிரிதான் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல டெய்லரம்மாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மாமா வந்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு. "ஒரு வேலை செஞ்சீங்களே எல்லாருமா சேர்ந்து. அவ அதைத் தொட மாட்டேங்கறா."

"ஏன்?"

"பெருமைக்கு வச்ச தாங்கியாம். அதைப் புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி இறங்கினா சின்னவ தீர்மானத்துக்கு மரியாதை என்ன ஆகுறதுன்னு கேக்குறா. தினம் காலையில ஜன்னல் வழியா கையை நீட்டி அந்தப் பலகையைத் துடைக்கிறா. நேத்து ஒரு பையன் குழாய்மேல சறுக்கிட்டு வந்தான். ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, நீ உக்காந்து சறுக்குறியான்னு அவனை விரட்டிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் புடிச்சுக்கிட்டு ஏறினார். அவருக்கும் திட்டு."

இந்தப் புத்திசாலி மன்றத்தில் ஒருவருக்கும் தோன்றாதது இதுதான். சட்டத்தை ஏமாற்றிவிட்டார்கள், சரி. அக்கா சட்டத்தைவிட ஒரு படி மேலே நின்று அதை நம்பிக்கொண்டிருந்தாள். தங்கை சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஊரில் முழுசாக எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

டெய்லரம்மா மிஷினை மிதித்துக்கொண்டே யோசித்தாள். போன் போட்டுச் சொல்லலாம். சொன்னால் அக்கா பிடிகொடுக்க மாட்டாள், எனக்கு ஒண்ணுமில்லடி என்பாள். மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லலாம். மாமா ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டார். மூட்டு இறுகிக்கொண்டிருக்கிறது, சாக்குச் சொல்ல நேரமில்லை. தான் எதிலிருந்து தப்பித்துவிட்டதாகப் பாடிக்கொண்டு போனாளோ, அதில் போய்த் தானே நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. எழுந்தாள்.

கடைவீதி நிறைந்திருந்த காலை நேரம். டெய்லரம்மா படியின் நடுவில், அன்றைக்கு வாசித்த அதே கல்லில், ஏறி நின்றாள். கையில் காகிதம் இல்லை. கவுன்சிலர் ஏன் நிற்கிறார் என்று நாலு பேர் நின்றார்கள், நாலு பேர் நிற்கிறார்களே என்று நாற்பது பேர் நின்றார்கள். தன் இரும்புக் கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த ஆட்சேபணையும் அதில் இருந்தார்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். அதே கணீர்க் குரல். "இந்தக் குழாய் பலகைக்கு வச்ச தாங்கி இல்ல. இது கைப்பிடி. இன்ஜினியர் சார் எப்பவோ போடறேன்னு சொன்ன கைப்பிடி. வேணாம்னு தடுத்தது நான். அசிங்கமா இருக்கும்னு சொன்னேன். இந்தப் படியில விழுந்த குழி அழகுன்னு இங்க நின்னு வாசிச்சேன். அந்தக் குழியிலதான் எங்க அக்கா கால் வழுக்கிச்சு."

மேலே ஜன்னல் திறந்தது.

"நடந்து நடந்துதான் இந்தக் கல்லு தேஞ்சுது. நடக்கிறவங்களையே வீட்டுக்குள்ள உக்கார வச்சுட்டு நான் கல்லைக் காப்பாத்தினேன். நான் எழுதினது தப்பு. இது ஊருக்கு எல்லாம் பொதுக் கைப்பிடி, யார் வேணா புடிக்கலாம். ஆனா முதல்ல எங்க அக்காவுக்காக வச்சது. அவ புடிக்கலைன்னா நான் இங்கேயேதான் நிப்பேன். தைக்கக் குடுத்த துணி எதுவும் இன்னிக்குக் கிடைக்காது."

தைக்கக் கொடுத்திருந்தவர்கள் கவலையோடு மேலே பார்த்தார்கள்.

கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்றாள், முகம் சிவந்து போய். மாமா அவளுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றார்.

"மெதுவாப் பேசுடி. ஊரே கேக்குது."

"கேக்கத்தான் பேசறேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. இறங்கி வா."

அக்கா பலகையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். கீழே நின்ற கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனை நாள் கடைவீதியைப் பார்க்காமல் விட்டுப்போனதோ அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கையை இடுப்பில் செருகியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டு, குழாயின்மேல் வைத்தாள். முதல் படியில் வலித்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் உதவிக்கு ஓடவில்லை. ஓடினால் திட்டு விழும் என்று தெருவுக்கே தெரியும். ஒரு கை குழாயில், ஒரு கால் முன்னால், அப்புறம் அடுத்தது. நடுவில், தான் வழுக்கின கல் வந்ததும் நின்று, அதை ஒரு முறை முறைத்துவிட்டு, ஓரமாகக் கால் வைத்துத் தாண்டினாள்.

தங்கைக்குப் பக்கத்தில் வந்ததும் மூச்சு வாங்க நின்றாள். டெய்லரம்மா அழுதுகொண்டிருந்தாள், மறைக்கவும் முயலவில்லை.

"நீ எழுதினது ஒண்ணும் தப்பில்லடி" என்றாள் அக்கா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "எழுதறப்போ நான் எப்படி இறங்குறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். அப்பவே வலிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

டெய்லரம்மா கண்ணைத் துடைத்தாள். அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மீதிப் படிகளை இறங்கினார்கள். கூட்டத்தில் ஆட்சேபணை தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள். அவரோ கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடை வாசலில் அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டாள். ஒரு சட்டையை இழுத்து மடியில் போட்டு, ஊசியில் நூல் கோத்து, எதிர்ச் சாரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். பேக்கரி வந்ததும் பார்வை நின்றது. வாசலில் மீசை இல்லாத யாரோ ஒருவர் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருடி அது?" என்றாள். "முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."